செய்திகள் வாசிப்பது வலது கால்

செய்தி வாசிப்பவர்களுக்கு இடுப்புக்குக் கீழேயும் உடம்பு இருக்கிறது என்ற விஷயம் பார்ப்பவர்கள் யாருக்கும் ஞாபகத்தில் இருப்பதில்லை. ஒரு மேசை வரும். மேசைக்கு மேலே கோட்டோ சேலையோ வரும். அதற்கு மேலே ஒரு முகம் வந்து வணக்கம் சொல்லும். கணக்கு அதோடு முடிந்தது. ஆனால் ஆள்பலம் குறைந்த டீவி நிலையங்களில் செய்தியை நகர்த்திக்கொண்டிருப்பது மேசைக்குக் கீழே மறைந்திருக்கும் அந்த மிச்சப் பகுதிதான். திட்டமாகச் சொல்வதென்றால் வலது கால். மேலே முகம் வரவுசெலவுத் திட்டத்தில் விழுந்த துண்டைப் பற்றிக் கவலையோடு பேசிக்கொண்டிருக்க, கீழே பாதம் ஒரு பெடலை மெல்ல அழுத்தும், விடும், மறுபடி அழுத்தும். அழுத்தினால் எதிரே கண்ணாடியில் எழுத்து மேலே ஏறும். விட்டால் நிற்கும். காலும் வாயும் ஒத்துப்போகும்வரை நாட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும்.

எங்கள் சின்ன வயதில் இந்தச் சிக்கல் இல்லை. இலங்கையின் ரூபவாஹினி 1982 இல் தொடங்கியது. வடக்கில் அன்ரெனாவைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினால் பிறகு தூரதர்ஷனும் விழும். ஷோபனா ரவியும் பாத்திமா பாபுவும் செய்தி வாசிக்க வந்தால் பெண்கள் சேலையைப் பார்க்க வருவார்கள், ஆண்கள் செய்தி கேட்பதாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். வாசிப்பவர்களின் கையில் தாள் இருக்கும். குனிந்து பார்ப்பார்கள், நிமிர்ந்து சொல்வார்கள். பிறகு ஒரு காலத்தில் குனிவது நின்றுபோனது. நேராக எங்களையே பார்த்து மடமடவென்று சொல்லத் தொடங்கினார்கள். எங்கள் பெரிய மாமி அதை நம்பிவிட்டார். "பார், அந்தப் பிள்ளை உலகத்தில நடந்தது முழுக்கப் பாடமாக்கி வைச்சிருக்குது. உனக்கு ஏழாம் வாய்ப்பாடு நிக்குதில்லை" என்று எனக்கு ஏச்சு விழுந்தது. டெலிபிராம்ப்டரை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு முதற்காரணம் அது.

அந்தக் கருவியும் பாடமாக்க முடியாதவர்களுக்காகப் பிறந்ததுதான். அமெரிக்காவில் பிரெட் பார்ட்டன் என்ற நாடக நடிகருக்கு டீவி நாடகங்களுக்கு வசனம் மனப்பாடம் செய்வது பெரும்பாடாக இருந்தது. டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தில் இருந்த இர்விங் கானிடம் போய் முறையிட்டார். கான் அதை ஹியூபர்ட் ஷ்லாஃப்லி என்ற பொறியியலாளரிடம் தள்ளிவிட்டார். ஷ்லாஃப்லி பாதிச் சூட்கேசுக்குள் ஒரு மோட்டாரையும் நீளமான காகிதச் சுருளையும் வைத்துக் கட்டினார். 1950 டிசம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் தொடர்நாடகம் ஒன்றில் அது வேலைக்குச் சேர்ந்தது. இரண்டு வருடத்தில் அரசியல்வாதிகள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். 1952 இல் சிகாகோவில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில் முன்னாள் ஜனாதிபதி ஹூவர் அதைப் பார்த்துப் பேசினார். அதே வருடத் தேர்தல் பிரசாரத்தில் ஐசனோவர், எழுத்து நகரவில்லையென்று மேடையிலேயே எரிந்துவிழ, அதுவும் சேர்ந்து ஒலிபரப்பில் போனது. 1993 இல் கிளின்டன் சுகாதாரத் திட்டத்தை விளக்கக் காங்கிரசில் ஏறி நின்றபோது கண்ணாடியில் ஓடியது பெப்ரவரியில் பேசி முடித்த பழைய உரை. சரியான உரை வந்து சேர ஏறத்தாழ ஏழு நிமிடமானது. அதுவரை மனிதர் சொந்தச் சரக்கிலேயே சமாளித்தார். கருவியைச் செய்த ஷ்லாஃப்லி 2008 இல் கேபிள் டீவிக்காரர்கள் தமக்கு எடுத்த கௌரவிப்பு விழாவில்தான், 88 வயதில், முதல் தடவையாக அதைப் பார்த்துப் பேசினாராம். சமையல்காரர் அவ்வளவு காலமும் தன் சமையலைச் சாப்பிடாமல் இருந்ததற்கு ஏதோ காரணம் இருக்கவேண்டும்.

இந்தக் கதைகளில் எல்லாம் ஓர் ஆள் கூடவே இருந்ததைக் கவனிக்கவேண்டும். கருவியை ஓட்டுபவர். இருட்டில் எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்து, வாசிப்பவரின் வாயைக் கேட்டுக்கொண்டே எழுத்தை நகர்த்துபவர். வாசிப்பவர் போகிற வேகத்துக்குக் கருவி போகவேண்டும், கருவி போகிற வேகத்துக்கு வாசிப்பவர் ஓடக்கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். பாட்டுக்காரர் இழுத்தால் இழுத்து, நிறுத்தினால் நிறுத்தி, கண்ணை மூடினால் காத்துக்கொண்டிருக்கும் மிருதங்கக்காரர் ஒருவர் அங்கே இருந்தார். இப்போது அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிருதங்கத்தைப் பாட்டுக்காரரின் காலடியில் வைத்து, "நீங்களே அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

ஏன் அனுப்பினார்கள் என்பது சுவிற்சர்லாந்தில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லாத விஷயம். இங்கே ஒரு மனிதரை ஒரு சில்லை உருட்டுவதற்காக நாற்காலியில் உட்காரவைத்தால், மாத முடிவில் அவருக்குக் கொடுக்கிற சம்பளத்தில் ஒரு கமெரா வாங்கலாம். 1994 இல் ரோஜர் ஷவின்ஸ்கி தெலெ சூரி தனியார் தொலைக்காட்சியைத் தொடங்கியபோது ஒரே ஆளே படம்பிடித்து, கேள்வி கேட்டு, வெட்டி ஒட்டி, குரலும் கொடுக்கும் முறையை நியூயோர்க்கிலிருந்து கொண்டுவந்தார். அடுத்த வருடம் எங்கள் ஆர்காவ் மாநிலத்துக்கென்று ஆராவ் நகரில் தெலெ எம் ஐன்ஸ் வந்தது. நாங்கள் இருக்கும் பாடன் நகரில், லிம்மாத் ஆற்றின் பழைய மரப்பாலத்தடியில் சில நேரம் ஒரு பிள்ளை தனியே நிற்பதைக் காணலாம். தோளில் முக்காலி, கையில் மைக், காதில் போன், வாயில் சான்ட்விச். ஒரு முழுத் தொலைக்காட்சி நிலையமே நடந்துபோகிறது என்று ஒதுங்கி வழிவிடுவேன். அப்படி நடக்கிற ஊரில், ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கால் மட்டும் சும்மா இருந்தால் கணக்காளருக்கு நித்திரை வருமா?

இவர்களுக்கு இன்னொரு தலையிடியும் உண்டு. சூரிச்சிலிருந்து வரும் தேசியச் செய்தி நல்ல இலக்கண ஜேர்மனில் வரும். அது முடிந்த கையோடு வானிலைக்காரர் மொட்டைமாடியில் நின்று சுவிஸ் ஜேர்மனில் பேசுவார். கையில் படத்தை மாற்றும் பொத்தான் ஒன்றுதான், எழுத்து எதுவும் கிடையாது, மழை எப்போது வரும் என்று மனத்திலிருந்தே சொல்வார். உள்ளூர்த் தொலைக்காட்சிகளிலோ செய்தியே பேச்சுவழக்கில்தான். சுவிஸ் ஜேர்மனுக்கு ஒரு நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் கண்ணாடியில் பார்த்து வாசிப்பதற்குள் கிராமம் மாறி, உச்சரிப்பு மாறி, சில வேளை பொருளே மாறிவிடும். யாழ்ப்பாணத்துப் பேச்சை அப்படியே எழுதி ஒரு கோயம்புத்தூர்க்காரரிடம் கொடுத்து, காலால் உருட்டிக்கொண்டு வாசியுங்கள் என்றால் எப்படியிருக்கும்?

இதையெல்லாம் இவ்வளவு அக்கறையாகச் சொல்வதற்குக் காரணம், எங்கள் வலது காலும் அந்தத் தொழிலில் இருந்தது.

பாடனில் எங்கள் ஆட்கள் சிலர் சேர்ந்து இணையத்தில் ஒரு தமிழ்த் தொலைக்காட்சி நடத்தினோம். ஸ்டுடியோ ஒரு தொடர்மாடியின் நிலவறையில், பங்கருக்குள். சுவிஸ்காரர்கள் அணுகுண்டுக்குப் பயந்து 1963 இல் சட்டம் போட்டு, வீடு கட்டுகிறவர்கள் பாதுகாப்பறையும் சேர்த்துக் கட்டவேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். இன்று நாட்டின் சனத்தொகையை விடப் பங்கருக்குள் இடம் அதிகம். தடித்த கொங்கிரீட் கதவு, கையால் சுற்றும் காற்றுக் கருவி, சுற்றிவர ஒரு சாணுக்குக் குறையாத சுவர். குண்டு விழாதபடியால் அதற்குள் வைன் போத்தலும் பனிச்சறுக்குப் பலகையும் வைக்கிறார்கள். நாங்கள் பனங்குற்றியும் மண்மூடையும் அடுக்கி, சேலையைக் கிழித்துச் சாக்குத் தைத்துக் கட்டிய பங்கர்களில் இருந்துவிட்டு வந்தவர்கள். இந்தக் கதவைப் பார்த்ததும் எங்கள் தயாரிப்பாளர் அண்ணை அதைத் தட்டிப் பார்த்து, "இது அப்ப இருந்திருக்கவேணும்" என்றார். பிறகு ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. லைட் கட்டத் தொடங்கினோம்.

சத்தம் வெளியே போகாது, உள்ளே வராது என்று சந்தோஷப்பட்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் துணி துவைக்கும் அறை இருந்தது. சுவிஸில் துவைக்கும் நாளை முறை போட்டுத்தான் கொடுப்பார்கள். இரண்டாம் மாடிக் குடும்பத்தின் முறை வருகிற நாளில் மெஷின் பிழியத் தொடங்கினால் அணுகுண்டுச் சுவரே அதிரும். ஆகவே எங்கள் செய்தி ஒளிப்பதிவு நேரத்தை நிர்ணயித்தது உலக நடப்பு அல்ல, இரண்டாம் மாடியின் ஊத்தை உடுப்பு.

டெலிபிராம்ப்டரைச் செய்தவன் கமெராத் தம்பி. இங்கே பிறந்து, இலத்திரனியல் தொழிற்பயிற்சி படிக்கிற பிள்ளை. கருவி பெரிய மந்திரமில்லை. கமெராவின் கண்ணுக்கு முன்னால் 45 பாகையில் சரித்து ஒரு கண்ணாடி. அதற்குக் கீழே மல்லாக்கப் படுத்திருக்கும் ஒரு திரை. திரையில் எழுத்து இடம்வலம் மாறி ஓடும், கண்ணாடி அதைத் திருப்பி நேராக்கிக் காட்டும். கமெரா பின்னால் கறுப்புத் துணிக்குள் ஒளிந்திருப்பதால் அதற்கு எழுத்துத் தெரியாது, வாசிப்பவரின் முகம் மட்டும் தெரியும். விலைக்கு விற்கும் கண்ணாடியில் இதற்கென்று ஒரு பூச்சு இருக்கும். பெருமளவு வெளிச்சத்தைக் கமெராவுக்கு விட்டுவிட்டு, வாசிப்பதற்குப் போதுமான கொஞ்சத்தை வாசிப்பவர் பக்கம் திருப்பும். அதன் விலையைக் கேட்டுவிட்டு அண்ணை, தன் கலியாணப் படத்தின் சட்டத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்தார். சாதாரணக் கண்ணாடிக்கு முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று என்று இரண்டு முகம். இரண்டும் எழுத்தைக் காட்டும். ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் அதன் ஆவி ஒன்று மங்கலாக நின்றது. மெய்யெழுத்துப் புள்ளிகள் இரட்டைப் பிள்ளைகளாகின. கொஞ்ச நேரம் வாசித்தால் தலை சுற்றும்.

ஒரு தடவை மென்பொருளில் எழுத்தைப் புரட்டும் கட்டளை தானாக அணைந்துபோய், கண்ணாடியில் தமிழ் முழுவதும் வலமிடமாக நின்றது. 'ப' மட்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் 'ப'வாகவே நின்றது. மற்ற எழுத்துகளெல்லாம் எங்களுக்கு முதுகைக் காட்டின. இன்னொரு நாள் எழுத்துருச் சண்டை. செய்தி எழுதும் மாஸ்ரர் பாமினி எழுத்துருவிலேயே வாழ்நாள் முழுவதும் தட்டியவர். தம்பியின் மென்பொருளுக்கு யூனிகோட் மட்டும்தான் தெரியும். மாற்றிக்கொடுத்த கோப்பில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், அரவு ஒரு பக்கமாகப் பிரிந்து போயிருந்தன. 'கொழும்பு' என்ற ஊர் மூன்று துண்டாகக் கிடந்ததைப் பார்த்து மாஸ்ரர், "அரசியல் நிலைமைக்குப் பொருத்தந்தானே, விடு" என்றார்.

ஆனால் உண்மையான கரைச்சல் எழுத்துருவில் இல்லை. மாஸ்ரரின் வசனத்தில் இருந்தது. கண்ணாடியில் எழுத்துப் பெரிதாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தூரத்திலிருந்து வாசிக்க முடியாது. வரியும் ஒடுக்கமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கண் இடமும் வலமும் அலைவதைப் பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆங்கிலக்காரருக்கு இதில் ஒரு வரிக்கு நாலைந்து சொல் வந்துவிடும். மாஸ்ரர் எழுதுவது 'நடைமுறைப்படுத்தப்படவேண்டியிருப்பதாகத்' என்று. அது ஒரு சொல். அதற்கே இரண்டு வரி போதாது. 2010 இல் ஐஸ்லாந்து எரிமலை வெடித்து ஐரோப்பிய விமானமெல்லாம் நின்றபோது உலகத்துச் செய்தி வாசிப்பாளர்கள் அனைவரும் அந்த மலையின் பெயரைப் பார்த்து நடுங்கினார்களாம். மாஸ்ரரிடம் வேலை செய்பவர்களுக்கு அந்த எரிமலை ஒரு பொருட்டே இல்லை.

அதைவிடப் பெரிய பயம் வினைச்சொல். தமிழில் அது கடைசியில்தான் வரும். 'எதிர்க்கட்சித் தலைவர் தம்மீது சுமத்தப்பட்டுள்ள ஊழல் குற்றச்சாட்டுகள் அனைத்தையும் முற்றாக' என்றவரைக்கும் கண்ணாடியில் வந்துவிட்டது. கால் கொஞ்சம் பிந்திவிட்டது. அடுத்த வரி கீழே ஒளிந்திருக்கிறது. மறுத்தாரா, ஏற்றுக்கொண்டாரா? ஒரு மனிதரின் மானம் உங்கள் பெருவிரலில் தொங்குகிறது. முகத்தை எந்தப் பக்கமும் சாயாமல் வைத்துக்கொண்டு, 'முற்றாக' என்பதைக் கொஞ்சம் இழுத்து, அதற்குள் பெடலை அழுத்தி வினைச்சொல்லைப் பிடித்து மேலே கொண்டுவரவேண்டும். ஆங்கிலத்தில் வாசிப்பவருக்கு வசனத்தின் தொடக்கத்திலேயே அவர் மறுத்துவிட்டார் என்று தெரிந்துவிடும், மீதியை ஆறுதலாக வாசிக்கலாம். இங்கத்தைய ஜேர்மன்காரருக்கு எங்கள் வருத்தம் கொஞ்சம் விளங்கும். அவர்களும் நீட்டி நீட்டிப் பேசிவிட்டு வினையைக் கடைசியில் கொண்டுவந்து போடுகிற ஆட்கள்தான். இருந்தாலும் அவர்களுக்கு அது சில வசனங்களில். எங்களுக்குக் கும்பிடும்வரை அதுதான்.

பெடலின் குணத்தைச் சொல்லவேண்டும். கொஞ்சம் அழுத்தினால் மெல்ல ஓடும், அதிகம் அழுத்தினால் பறக்கும், விட்டால் நிற்கும். நல்ல பெடல்களில் பின்னுக்குப் போவதற்கும் ஒரு வழி இருக்கும். எங்களுடையதில் இரண்டு தரம் டக் டக் என்று தட்டினால் பின்னுக்குப் போகும் என்று தம்பி ஒழுங்கு செய்திருந்தான். எங்களில் ஒருவருக்குக் காலாட்டுகிற பழக்கம். சின்ன வயதில் "கால் ஆட்டாதை, வீட்டுக்கு ஆகாது" என்று எல்லோருக்கும் சொல்லித்தானே வளர்த்தார்கள்? அவருக்கும் சொல்லியிருப்பார்கள், கேட்கவில்லை. மேசையில் உட்கார்ந்து மைக் போட்டதும் அவருடைய முழங்கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். செய்தி ஒரு வரி மேலே போகும், ஒரு வரி கீழே வரும், மறுபடி மேலே போகும். அவர் வாசித்து முடித்த இராஜதந்திரிகள் சந்திப்பில் ஒரே தூதுவர் ஒரே விமானத்தில் திரும்பத் திரும்ப வந்து இறங்கினார்.

குளிர்காலத்தில் பங்கருக்குள் சூடு குறைவு. தடித்த சப்பாத்தோடு வந்தவர்களுக்குப் பெடல் இருக்கும் இடமே தெரியாது. மேலே கோட்டும் டையும், கீழே கம்பளிச் சொக்ஸ் என்று வாசிக்கத் தொடங்கினோம். கொங்கிரீட் நிலம் வழுக்கும். அழுத்த அழுத்தப் பெடல் முன்னால் போகும். அதைத் தேடிக் கால் போகும். காலோடு ஆளும் நாற்காலியிலிருந்து கீழே இறங்குவார். செய்தித் தொடக்கத்தில் நெஞ்சுவரை தெரிந்தவர் விளையாட்டுச் செய்தி வரும்போது கழுத்தளவில் இருப்பார். நாட்டு நிலைமையைக் கேட்டு மனிதர் உருகிப்போகிறார் என்று ஜெர்மனியிலிருந்து ஒரு நேயர் பாராட்டி எழுதினார்.

கையால் உருட்டுகிற சிறு சில்லுக் கருவியும் இருக்கிறது. மேசைக்குக் கீழே ஒரு கையை வைத்துப் பெருவிரலால் உருட்டலாம். வசதியானது என்கிறார்கள். கையை ஆட்டாமல் பேசத் தெரிந்த சமூகத்துக்கு வசதியாக இருக்கும். எங்கள் ஆட்கள் ஒரு கையைக் கட்டிப்போட்டால் பாதிச் சொல் வராது. கருவியைக் கையில் பிடித்துக்கொண்டே அண்ணை "மறுபுறத்தில்" என்று கையை வீசினார், செய்தி மறுபுறத்துக்கே போய்விட்டது. இதில் கருவியை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 2013 இல் லண்டன் பிபிசியின் சைமன் மக்கோய் அவசரத்தில் கைக்கணினியை எடுப்பதற்குப் பதிலாகப் பக்கத்திலிருந்த போட்டோகொப்பித் தாள் கட்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, அப்படியே செய்தியைச் சொன்னார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. செய்தி வாசிப்பு என்பது அந்த முகந்தான். மற்றதெல்லாம் தளபாடம்.

புலம்பெயர் தொலைக்காட்சிகளில் செய்தி முடிந்ததும் மரண அறிவித்தல் வரும். எங்கள் கோப்பிலும் அரசியல், பொருளாதாரம், விளையாட்டு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கடைசியில் அதுவும் இருக்கும். ஒரு சகோதரர் கொழும்புச் செய்தியை நன்றாக வாசித்துக்கொண்டு போனார். வசனத்தின் நடுவில் தும்மல் வந்தது. தும்மினால் கை மூக்குக்குப் போகும், கால் நிலத்தில் ஊன்றும் என்பது இயற்கை. ஊன்றியது பெடலில். கண்ணாடியில் பக்கங்கள் பறந்தன. அவர் தொழில்பக்தி உள்ள மனிதர். கண்ணைத் திறந்ததும் எதிரே எது நின்றதோ அதைப் பிடித்துக்கொண்டு வசனத்தை முடித்தார். "உயர்மட்டக் கூட்டத்தில் கலந்துகொண்டு உரையாற்றிய அமைச்சர் அவர்கள்... மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகளை ஆறாத்துயரில் ஆழ்த்திச் சிவபதமடைந்தார்." அமைச்சர் பௌத்தர். நல்லகாலம், நேரலை இல்லை, பதிவு. ஆனால் தம்பி அதை அழிக்கவில்லை என்றும், சூரிச்சில் சில கலியாண வீடுகளில் அது ஓடுகிறது என்றும் பிறகு கேள்விப்பட்டோம்.

பெடலுக்கென்று பிறந்த ஆள் ஒருவர் எங்களிடம் இருந்தார். கலாசார நிகழ்ச்சிக்கு அறிவிப்புச் செய்ய வந்த அக்கா. ஊரில் சிங்கர் மெஷினில் தைத்துக் குடும்பம் நடத்தியவர், இங்கேயும் சுவிஸ்காரரின் காற்சட்டைகளை வெட்டிக் கட்டை பண்ணிக் கொடுப்பவர். அன்றைக்கு வாசிக்க ஆளில்லை என்று அண்ணை அவரை உட்காரவைத்தார். செருப்பைக் கழற்றினார். பெடலைக் காலால் ஒருதரம் தடவிப் பார்த்தார். பிறகு முன்பாதத்தையும் குதிக்காலையும் மாற்றி மாற்றி அழுத்தி வாசித்தார் பாருங்கள், எழுத்து ஆறாக ஓடியது. மாஸ்ரரின் நீண்ட சொற்கள் வளைவில் திரும்பும்போது கால் தானாக இளகியது. கமாவில் நின்று, முற்றுப்புள்ளியில் மூச்செடுத்து, வினைச்சொல் வருவதற்கு முன்பே அதைக் கண்டுவிட்ட நிம்மதி முகத்தில் இருந்தது. எப்படி அக்கா என்று கேட்டோம். "துணியைத்தானே பார்க்கிறது? காலைப் பற்றி யோசிச்சா நூல் அறுந்துபோம்" என்றார். பிறகு மற்றவர்கள் வாசிக்கும்போதும் அக்காவையே மேசைக்குப் பக்கத்தில், கமெராவுக்குத் தெரியாமல், ஒரு சின்ன ஸ்டூலில் உட்காரவைத்தோம். வாசிப்பவர் வாசிக்க, அக்கா மிதித்தார். எழுபது வருடத்துக்கு முந்திய முறைக்கே திரும்பிவந்துவிட்டோம் என்று தம்பிக்குக் கவலை. அக்காவுக்குச் சம்பளம் கேட்டபோது அண்ணைக்கும் கவலை.

தம்பி குரலைக் கேட்டுத் தானே நகரும் மென்பொருள் ஒன்றை இறக்கிப் பார்த்தான். ஆங்கிலத்தில் அழகாக வேலை செய்தது. தமிழில் எங்கள் உச்சரிப்பைக் கேட்டு, அடுத்த சொல் இன்னும் வரவில்லை என்று முடிவுகட்டி அசையாமல் நின்றது. '1,25,000' என்று எழுதியிருந்ததை ஒருவர் ஒரு இலட்சத்து இருபத்தையாயிரம் என்று வாசிக்க, அவர் வேறு ஏதோ கதைக்கிறார் என்று எண்ணிக் காத்திருந்தது. இரண்டாம் மாடியின் மெஷின் பிழியத் தொடங்கியபோது மட்டும் உற்சாகமாகச் சில பக்கம் ஓடியது. 2023 இல் ஒடிசா டீவி, லிசா என்ற செயற்கை நுண்ணறிவு வாசிப்பாளினியைக் கொண்டுவந்த செய்தியைக் காட்டி, இனி இதுதான் வழி என்றான் தம்பி. அந்தப் பிள்ளைக்குத் தும்மல் வராது, சம்பளம் கேட்காது, மேசைக்குக் கீழே எதுவுமே கிடையாது. அக்கா படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "சேலையின்ர கொசுவம் சரியா நிக்குது. அப்ப இது மனிசரில்லைத்தான்" என்றார்.

வழுக்குகிற பெடலுக்குக் கடைசியில் மருந்து மேல்மாடியிலிருந்து வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சத்தம் போடக்கூடாத நாளில், டக் டக் என்று கொங்கிரீட்டில் ஏதோ இடிக்கிறது என்று முறையிட வந்தார் ஒரு வயோதிபர். ஓய்வுபெற்ற பொறியியலாளர். பெடல் ஓடுவதையும் அதைத் துரத்திக்கொண்டு அண்ணை நாற்காலியிலிருந்து இறங்குவதையும் பார்த்தார். முறைப்பாடு மறந்துபோனது. குனிந்து அளந்தார். போனார். அடுத்த கிழமை ஓர் இரும்புத் தட்டோடு வந்தார். அடியில் ரப்பர், மேலே பெடலுக்கென்று கடைந்த பள்ளம், மூலையெல்லாம் கை வெட்டாமல் அராவியிருந்தது. வாழ்நாள் முழுவதும் மின்நிலையச் சுழலிகளுக்கு அடித்தளம் போட்ட மனிதர். எங்கள் பெடலுக்கும் அதே கணக்கில்தான் போட்டிருந்தார். தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். பூகம்பம் வந்தாலும் செய்தி நகராது.

தேத்தண்ணி கொடுத்து உட்காரவைத்தோம். எங்கே வேலை செய்தீர்கள் என்று அண்ணை கேட்க, அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "பிபிசி. ஓய்வு வரைக்கும்" என்றார். மூலையில் பயற்றம் பணியாரம் அடுக்கிக்கொண்டிருந்த அண்ணையின் மாமி கையை நிறுத்தினார். பாடனில் பிபிசி என்றால் பிரவுண் போவரி. 1891 இல் சார்ல்ஸ் பிரவுணும் வால்ற்றர் போவரியும் இங்கே தொடங்கிய மின்பொறிக் கம்பனி. 1988 இல் சுவீடன்காரரோடு சேர்ந்து ஏபிபி ஆனது. ஆனாலும் பழைய ஆட்கள் பெயரை மாற்றவில்லை. 1983 இல் டேட்வில் ஆய்வுகூடத்தில் தன் கம்பனிக்காரர் கண்டுபிடித்த திரவப்படிகத் திரையால்தான் மடிக்கணினிகளில் எழுத்துத் தெளிவாகத் தெரியத் தொடங்கியது, எங்கள் கண்ணாடிக்கடியில் படுத்திருப்பதும் அந்த வம்சம்தான் என்று பெருமையாக விளக்கினார். தம்பி மொழிபெயர்த்தான். மாமிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை.

"பிபிசியில இருந்த மனிசனை வைச்சுக்கொண்டு ஏன் நீங்கள் எல்லாரும் வாசிச்சுக் கஷ்டப்படுறியள்? அவரையே வாசிக்கச் சொல்லுங்கோவன்."

அது வேற பிபிசி, இது கரண்ட் செய்கிற பிபிசி என்று அண்ணை விளக்கினார். மாமி இரும்புத் தட்டையும் அதன்மேல் ஏறியிருந்த பெடலையும் ஒருதரம் பார்த்தார்.

"கரண்டே இல்லாமல் பிபிசி கேட்ட ஆக்கள் நாங்கள். சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில வயரைக் கொழுவித்தானே தமிழோசை கேட்டது? மாமாதான் சுத்துவார். அவருக்குக் கை உளைஞ்சா லண்டன் நிண்டிடும். பிறகு நான் சுத்துவன். இதென்ன, கதிரையில இருந்துகொண்டு ஒரு காலால அமத்த ஏலாதே?"

தம்பி இதையும் மொழிபெயர்த்தான். கிழவர் கோப்பையைக் கீழே வைத்தார். அவருடைய முகம் மாறிவிட்டது. சைக்கிள் டைனமோ தருவது ஆடலோட்ட மின்சாரம், ரேடியோவுக்குத் தேவை நேரோட்டம், சுற்றும் வேகம் கூடிக் குறைந்தால் மின்னழுத்தமும் கூடிக் குறையும், அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார். பையிலிருந்து பென்சிலையும் எடுத்துவிட்டார்.

"அது பக்கத்து வீட்டு ஏலெவல் படிச்ச பெடியன் ஏதோ ரெண்டு சாமானைப் பூட்டித் தந்தவன்" என்றார் மாமி. "நீ இவரிட்டச் சொல்லு, கோழிக்கறி இருக்கு, சாப்பிட்டிட்டுப் போகட்டும்."